யார் பக்கம் நின்று எழுதியது

வைகாசி 3, திங்கள்

கத்திரி வெயில். ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. காவேரியில் மணல் மட்டும்.

காலையில் கிணற்றுக் கயிறு அறுந்தது. மரகதம் "ஐயோ" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். நல்ல பித்தளை வாளி, உள்ளே போய்விட்டது. வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியை எதிர்வீட்டில் இரவல் கேட்க வேண்டும்.

வாங்க: கயிறு. மண்ணெண்ணெய் (கூப்பன் எங்கே வைத்தேன்?). வடாத்துக்கு ஜவ்வரிசி. ம. கேட்டு ரொம்ப நாளாகிறது.

பெட்ரோல் பஞ்சத்தில் கரி மூட்டி ஓட்டுகிற பஸ், பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறுகிறான். பின்னால் ஒருவர்: "அப்படியே ஒரு ஆழாக்கு சோறும் வடிச்சு இறக்கிடுப்பா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேட்.

ஆபீசில் மேஜை நிறையப் பத்திரிகை. போன தடவை திருவெள்ளறைக்குப் போனபோது மாமனார் கேட்டார், "மாப்பிள்ளைக்கு ஆபீசிலே என்ன வேலைங்க?" என்று. ஜில்லாவில் அச்சாகிற தமிழெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும், யுத்த காலம் அல்லவா, சர்க்காருக்கு விரோதமாக இருக்கிறதைக் கத்தரித்து ஒட்டிப் பக்கத்தில் நாலு கட்டம் நிரப்புவேன் என்றேன். எழுதியவர் யார். யார் பக்கம் நின்று எழுதியது. நோக்கம் என்ன. என்ன நடவடிக்கை. "படிக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றார் மனிதர். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ம.: "அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம். ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாங்களா?" சமயம் வரும்போது சொல்கிறேன் என்றேன். இந்த வெயிலில் திருவெள்ளறைக்கு வண்டி கட்டிக்கொண்டு யார் போவது?

வைகாசி 4, செவ்வாய்

இன்று ஒன்று மாட்டியது! தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கிழவர் நடத்துகிற வாரப் பத்திரிகை. கோலம், கைவைத்தியம், ஊறுகாய் என்று போகும். நான் பாதிக்கு மேல் படிப்பதே இல்லை. அதில் மாதர் பக்கத்தில், விசாலம் என்று பெயர் போட்டு ஒரு துண்டு. நகல் செய்து வைக்கிறேன்:

"எங்கள் வீட்டு எஜமானர் கெட்டவர் அல்ல. சோறு போடுகிறார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கலாம், அவர் பெட்டி எனக்கு எதற்கு? நான் ஏதாவது கேட்டால், 'உனக்குப் புரியாது, சமயம் வரும்போது சொல்கிறேன்' என்பார். அந்தச் சமயம் எந்த மாதத்தில் வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்."

எஜமானர் யார் என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும். வெள்ளைக்கார சர்க்கார்! 'சமயம் வரும்போது' என்பதுதானே சுயராஜ்யம் கேட்டால் அவர்கள் சொல்கிற பதில்? பெட்டி என்றால் கஜானா. நீலப் பென்சிலால் கோடு போடப் போட எனக்கே ஒரு உற்சாகம்.

பக்கத்து மேஜை காதர், டைப் அடிக்கிறவர், எட்டிப் படித்தார். "அய்யே, யாரோ ஒரு அம்மா புருஷனைப் பத்தி எழுதியிருக்குது. இதுக்குப் போயி?" என்றார். அவருக்கு என் வழியைச் சொன்னேன். யாரைத் திட்டவில்லை என்று முதலில் பார். எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார். பெண் பெயர் இருந்தால் எழுதியவன் ஆண். இந்தக் காலத்தில் பாதிப் பேர் பெண்டாட்டி பெயரில்தான் எழுதுகிறார்கள். "நீங்க சொன்னா சரிதாங்க" என்று டைப் அடிக்கப் போய்விட்டார்.

நான் நிரப்பியது: எழுதியவர் ஆண். முப்பதுக்குள். காலேஜ் படிப்பு, வேலை இல்லை, ஒருகால் ஜெயிலுக்குப் போய் வந்தவர். காங்கிரஸ் பக்கம். நோக்கம், ராஜத்துவேஷம். நடவடிக்கை, ஆளைக் கண்டுபிடிக்க.

ஆபீஸர் படித்துவிட்டு "சபாஷ்" என்றார். என் கட்டங்களைத்தான் படிப்பார். துண்டைப் படிக்கப் பொறுமை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ம. தண்ணீர் கொடுத்தபடி, "இன்னிக்கு என்னங்க படிச்சீங்க?" என்றாள். இதுவரை கேட்டதே இல்லை. "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன். ஆபீஸ் விஷயம் வீட்டில் பேசக்கூடாது. சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கயிறு வாங்க மறந்தேன்.

வைகாசி 6, வியாழன்

புழுக்கம். மேகம் வந்து போய்விட்டது.

பத்திரிகைக் கிழவரை வரவழைத்தார்கள். குடை, கிழிந்த செருப்பு. விரலெல்லாம் அச்சு மை. ஆபீஸர், "யாருய்யா அந்த விசாலம்?" என்றார்.

"ஒரு குடும்பப் பொம்பளைங்க. பேரை வெளியே சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"பொம்பளையாம்!" என்று ஆபீஸர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த புதன் வரை தவணை. பெயர் வராவிட்டால் போலீஸ், அச்சாபீசுக்குப் பூட்டு. அதுவரை அச்சேறும் முன் ஒவ்வொரு பக்கத்தின் புரூபும் இங்கே வந்து போக வேண்டும். கிழவர் தலையாட்டினார். படி இறங்கும்போது என்னிடம், "நீங்கதான் அதைப் படிச்சவரா? நல்லாப் படிங்க தம்பி" என்றார். கேலியா, கெஞ்சலா? கேள்வி பஸ் வரை கூடவே வந்தது.

ராத்திரிக்கு மோர் மட்டும்.

வைகாசி 8, சனி

என்ன எழுதுவது.

முற்பகலில் புரூப் வந்தது. ஈரக் காகிதம். மாதர் பக்கம், மறுபடியும் விசாலம். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கயிறு அறுந்தது. அறுந்த முனை என் மணிக்கட்டைச் சுற்றி இழுத்து, தோலை உரித்துக்கொண்டு போனது. கத்தினேன். எஜமானர் ஓடி வந்தார். அப்படி அவர் ஓடி வந்து நான் பார்த்ததில்லை, எனக்கு வலி கூட மறந்தது. வந்தவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். 'வாளி போச்சா?' என்றார்."

கயிறு, கோடு போட்டேன். ஒப்பந்தம் என்று பக்கத்தில் எழுதினேன். வாளி, கோடு போட்டேன். வரிப்பணம் என்று எழுதினேன். எழுதி முடிக்கவில்லை.

வாளி போச்சா. திங்கட்கிழமை நான்தான் கேட்டேன்.

காதர், "என்னங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார். வெயில் என்றேன். புரூபை மற்றக் காகிதங்களுக்கு அடியில் சொருகினேன். முதல் துண்டை எடுத்து மறுபடியும் படித்தேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. 'சமயம் வரும்போது' நான் சொன்னது. உனக்குப் புரியாது, அதுவும் நான்தான். செவ்வாய்க்கிழமை அந்தப் பத்திரிகையில் அதன் கீழே கோடு போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அதையே அவளிடம் சொல்லியிருக்கிறேன்!

முதலில் வந்தது கோபம். கடைத்தெரு முழுக்கப் படிக்கிற பத்திரிகையில் என்னை இழுத்து வைத்திருக்கிறாள். மானம் போயிற்று. பாலத்தின்மேல் பஸ் வரும்போதுதான் மற்றது உறைத்தது. அவளைப் பிடிக்க ஆளை ஏவியவன் நான்.

மாலையில் பரிமாறும்போது பார்த்தேன். வலது மணிக்கட்டில் வெள்ளைத் துணி, மஞ்சள் கறை. இத்தனை நாளும் இந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது. "கையிலே என்ன?" என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்டால் மற்ற எல்லாவற்றையும் கேட்க வேண்டும். "ரசம் கொஞ்சம்" என்றேன்.

வைகாசி 9, ஞாயிறு

உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. கொள்ளிடம் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். மணல் காலைச் சுட்டது.

ம. மொட்டை மாடியில் வடாம் பிழிந்தாள். கடைசியில் ஜவ்வரிசியும் அவளே வாங்கியிருக்கிறாள். காக்கை ஓட்ட நான் உட்கார்கிறேன் என்றேன். "நீங்களா?" என்று பார்த்தாள். குடையோடு உட்கார்ந்தேன். இரண்டு காக்கை என் எதிரிலேயே தூக்கிக்கொண்டு போயின.

ம. பற்றி எனக்குத் தெரிந்தவை: புளி சேராது. இடிக்குப் பயம். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அம்மாளோடு மலைக்கோட்டைக்குப் போவாள். (தெப்பக்குளம் அங்கேதானே. இதைக்கூட யோசிக்கவில்லை.)

தெரியாதவை: எப்போது எழுதுகிறாள், எதில் எழுதுகிறாள், எங்கே கற்றாள். என்னை ஏன் 'கெட்டவர் அல்ல' என்று ஆரம்பிக்கிறாள். அந்த வரியை மறுபடி மறுபடி படிக்கிறேன். என் வழிப்படி பார்த்தால் இது பரிகாசம். இல்லை, நிஜமாகவே சொல்கிறாளா? பிழைப்பே இதுதான், ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லத் தெரியவில்லை.

நல்ல நடை. அதையும் எழுதிவிடுகிறேன். சுருக்கமான நடை.

எதிர்வீட்டில் பாதாளக் கரண்டி வாங்கி வாளியை எடுத்தேன். புதுக்கயிறும் கட்டினேன். நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி 10, திங்கள்

ஆபீஸர்: "கிழவன் வாயைத் திறக்கல்லே. நாளை மறுநாள் இன்ஸ்பெக்டரை அனுப்பிடுவோம். அச்சாபீசைச் சோதனை போட்டாக் கையெழுத்துக் கிடைச்சிடும். உம்ம வேலைதான், நல்ல பேர் வாங்கிட்டீர்."

கையெழுத்து. சரி சார் என்று வந்துவிட்டேன். கோழை.

காதர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வீட்டிலே எதுவுமாங்க?" என்றார். இல்லை என்றேன். "இருந்தாச் சொல்லிப்புடணும். இல்லேன்னா சோறு இறங்காது" என்று தன் அரிசி ரொட்டியில் பாதியைத் தள்ளினார். எனக்கும் இறங்கவில்லை.

யோசித்த வழிகள். பிரதியைத் தொலைத்துவிடுவது. காய்ச்சல் என்று லீவு. கிழவரிடம் போய்க் கையெழுத்துப் பிரதியை எரிக்கச் சொல்வது. எல்லாம் திருட்டு வழி. பெயர் வராவிட்டால் கிழவரின் அச்சாபீசுக்குப் பூட்டு விழும். ஊறுகாய் எழுதிப் பிழைக்கிற மனிதர்.

வைகாசி 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் ஆபீஸர் தனியாக இருந்தபோது உள்ளே போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அந்த விசாலம் துண்டு ராஜத்துவேஷம் இல்லை சார். நான் தப்பாப் படிச்சிட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"அதிலே வர்ற எஜமானர் சர்க்கார் இல்லை சார். அவர் யாருன்னு தெரியும்."

"யாரு?"

"நான்தான் சார்."

கைநீட்டித் துண்டை வாங்கினார். இதுவரை எந்தத் துண்டையும் படிக்காதவர், உதடு அசைய முழுக்கப் படித்தார். புரூபையும் கேட்டு வாங்கிப் படித்தார். வாளி வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பூமி பிளந்தால் தேவலை என்று நின்றேன்.

"பெண்டாட்டி எழுதினதே உமக்குத் தெரியல்லே. ஜில்லா பூரா எழுதறதை நீர் படிக்கிறீராக்கும்?"

அடுத்த மாதம் முதல் ரிகார்டு ரூம். பழைய கட்டுகளுக்குத் தூசி தட்டுகிற வேலை. இன்ஸ்பெக்டர் போகமாட்டார், அச்சாபீசுக்குப் பூட்டில்லை. கட்டங்களை மாற்றி எழுதச் சொன்னார். எழுதினேன்:

எழுதியவர், குடும்ப ஸ்திரீ. யார் பக்கம், தன் பக்கம். நோக்கம், கணவன்மேல் குறை கூறுதல். நடவடிக்கை, வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் காதர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டீ வாங்கிக் கொடுத்தார்.

வைகாசி 12, புதன்

அதிகாலையில் நாலு தூறல். மண் வாசனை வந்ததோடு சரி.

மாலை. ம. காய்ந்த வடாத்தைத் துணியிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். நானும் இரண்டு உரித்தேன். பிறகு கேட்டேன்.

"விசாலம் யாரு?"

கை நின்றது. "எங்க அம்மா பேருங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். பெயரைக் கேட்டதே இல்லை.

நடந்ததையெல்லாம் சொன்னேன். ராஜத்துவேஷம் என்று எழுதியதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போலீஸ் என்றதும் நின்றது. ரிகார்டு ரூம் என்றதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்போ என்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"கணவன்மேலே குறை கூறுதல்னு."

"அதுவும் தப்புங்க."

"பின்னே? குறை இல்லேன்னா எதுக்கு ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி?"

"குறை சொல்லணும்னா எதிர்வீட்டு அம்மாகிட்டே சொல்லிட்டுப் போயிருப்பேன்." ஒரு வடாம் விண்டு போயிற்று. அதைத் தனியாக வைத்தாள். "உங்ககிட்டே வாயாலே சொன்னா சமயம் வரட்டும்னு போயிடுறீங்க. அச்சாகிற தமிழெல்லாம் உங்க மேஜைக்குத்தான் வருதுன்னு அப்பாகிட்டே சொன்னீங்களே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதான் அச்சாகிற இடத்துக்குக் கொடுத்தேன்."

"நான் படிக்கணும்னா?"

"வேற யாரு படிச்சா எனக்கென்னங்க?"

எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை திருவெள்ளறை போகலாம் என்றேன், வண்டிக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். (சொல்லவில்லை. நாளைக் காலை முதல் வேலை.) மணிக்கட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். ஆறிக்கொண்டிருக்கிறது, தழும்பு நிற்கும்.

பிறகு உள்ளே போய், பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "அடுத்த வாரத்துக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க."

வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். ஆபீசிலிருந்து காதிலேயே சொருகி வந்த நீலப் பென்சிலை எடுக்கக் கை தானாகப் போயிற்று. அங்கே இல்லை. எப்போது எடுத்தாளோ, அவள் கையில் இருந்தது.