அட்டவணையில் இல்லாத புட்டு

லாயாங் லாயாங் ஸ்டேஷன்,
4-3-1934

சத்தியபாமாவுக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். தெப்ராவில் உன் தம்பி கதிரேசுவின் கல்யாண வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழும்பி வந்த நாள் தொடக்கம் உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. நீயும் பள்ளிக்கூட வேலையைச் சாட்டாக வைத்துத் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாய். இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இப்போதும் நான் சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு விவரம் வேண்டும். அது உன்னிடம்தான் இருக்கிறது.

சில நாட்களாக மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளுவாங்குக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சின்ன எஞ்சினைப் பூட்டிப் பெரிய கூட்ஸ் வண்டியை இழுக்கிறீர், இப்படியே போனால் நடுவழியில் நின்றுவிடும் என்றார். கையில் ஓர் அட்டவணையையும் கொடுத்தார்.

ஒவ்வொரு உணவும் உடம்புக்குள் எரிந்து எவ்வளவு சூடு தரும் என்பதற்கு ஓர் அளவு உண்டாம். கலோரி என்று பெயர். எஞ்சினுக்கு நிலக்கரி எப்படியோ அப்படி. எரிவதற்கு மேல் அள்ளிப் போட்டால் மிச்சம் கொழுப்பாகப் படியும். நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது என்கிறார். நிலக்கரிக் கணக்கு எனக்குப் புதிதல்ல. மழையில் நனைந்த கரியை நிறுத்து, தண்ணீரையும் கரியென்று எழுதுகிறார்கள் என்று மேலதிகாரியோடு சண்டை பிடித்து, பதவி உயர்வைப் பறிகொடுத்தவன் நான். அந்த மனிதனை இன்னும் மறக்கவில்லை.

அட்டவணையை எழுதியவன் நம் அடுப்படிப் பக்கம் வந்தவன் அல்லன். முயல் இறைச்சி இருக்கிறது, புட்டு இல்லை. இடியப்பம் இல்லை, சொதி இல்லை. 'அரிசி, சமைக்காதது, அவுன்சுக்கு நூறு' என்று ஒரு வரி மட்டும் நமக்காக.

இதுவரை என்ன சாப்பிட்டு வந்தீர் என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ வைத்ததைச் சாப்பிட்டேனே தவிர, என்ன வைத்தாய் என்று பார்த்ததில்லை. அதை எழுதி அனுப்பு.

அந்தக் கல்யாணத்தில் உட்கார்ந்திருந்த கதிரை முறிந்து நான் தரையில் கிடந்தபோது பந்தல் முழுவதும் சிரித்தது. ஊரார் சிரிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீயும் சிரித்தாய். அதைப் பார்த்தேன்.

இப்படிக்கு,
க. ஐயாத்துரை,
ஸ்டேஷன் மாஸ்டர், லாயாங் லாயாங்.


தெப்ராவ்,
9-3-1934

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும், ரயிலில் எனக்கு ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். கட்டினவளுக்கு எழுதும் கடிதத்தில் உத்தியோகமும் ஊரும் எதற்கு? உங்கள் பெயரை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ' என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள். நம் வீட்டுக்கு அது போதுமாயிருந்தது.

வாய்மூடி இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு நான் போட்ட இரண்டு கடிதங்களும் உடைக்காமல் திரும்பி வந்தன. உறையின் மேல் 'ஏற்க மறுப்பு' என்று உங்கள் முத்து முத்தான எழுத்து. அதன் பிறகு எந்த முகத்தோடு ரயிலேறி வருவேன்? நீங்கள் நிற்கிற ஸ்டேஷனில்தானே நான் இறங்க வேண்டும்.

அது இருக்கட்டும். நெஞ்சில் நோவு உண்டா? கால் வீங்குகிறதா? மூச்சு வாங்குகிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, நிலக்கரிக்குப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட விவரம்: காலையில் புட்டு, நீத்துப்பெட்டியில் ஒரு முறை அவித்தது முழுவதும் உங்களுக்கு. அதற்குள் அரை மூடித் தேங்காய்ப்பூ. மத்தியானம் ஒரு சுண்டு அரிசியின் சோறு, மீன்குழம்பு, ஒரு கீரை. இரவு இடியப்பமும் சொதியும். நடுவில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார் கொண்டுவரும் பலகாரங்களை நீங்கள் ஸ்டேஷனிலேயே முடித்துவிட்டு வருவீர்கள்; அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். தெரியும்.

மத்தியானச் சோற்றில் ஒரு பிடியைக் கழித்துக்கொள்ளுங்கள். எழும்பும்போது தட்டில் ஒரு பிடி மிச்சம் வைத்துவிட்டுப் போவீர்கள். அதை நான் சாப்பிடுவேன்; அது என்னுடையது.

கதிரையைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். நீங்கள் மெலிந்த பிறகு எழுதுகிறேன். கோபமும் பாரம்தான், இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கச் சொன்னால் தாங்க மாட்டீர்கள்.

உங்கள்,
பாமா.


லாயாங் லாயாங்,
2-4-1934

பாமாவுக்கு,

ஊரையும் உத்தியோகத்தையும் கையெழுத்திலிருந்து எடுத்துவிட்டேன். அடியில் பார்.

உன் விவரத்தை அட்டவணையோடு ஒத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. டாக்டர் சொன்ன அளவைப் போல் இரண்டு மடங்கு தின்றிருக்கிறேன். சாப்பாட்டுக்கு போர்ட்டர் காளியப்பன் வீட்டில் ஏற்பாடு செய்திருக்கிறேன். அவன் பெண்சாதி ராசம்மா தூக்குச்சட்டியில் அனுப்புவாள். வந்ததும் புக்கிங் ஆபீசில் தபால் தராசில் சோற்றை நிறுப்பேன். அவுன்சுக்கு நூறு என்று பழைய பார்சல் சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டு, அளவு முடிந்ததும் சட்டியை மூடிவிடுவேன். மத்தியானம் ஆறு அவுன்ஸ். இரவு நாலு. மிச்சத்துக்கு மீன், கீரை, கொஞ்சம் பால். அவித்த புட்டுக்கு அட்டவணையில் வரி இல்லாததால் காலையில் ஒன்றும் இல்லை. கணக்குத் தெரியாத பண்டம் என் வாய்க்குள் போகாது.

என்னை நிறுப்பதற்குப் பார்சல் தராசு இருக்கிறது. முதல் நாள் ஏறி நின்றதும் காளியப்பன் சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஐயாவ எந்த ஊருக்கு புக் பண்றதுங்க? ஒடையிற சாமானுன்னு எழுதவா?" என்று கேட்டான். ஏசிவிட்டேன். ஆனால் இப்போது அவனே, "ஐயா பாதி ஆளு அடுத்த ஸ்டேஷன் செடெனாக்குக்குப் போயிட்டாருங்க" என்கிறான். பதினாறு ராத்தல் இறங்கிவிட்டது. கோட்டுக்குள் இன்னொருவன் குடியிருக்கலாம்.

ஒன்று மட்டும். நேற்று நிற்காமல் போகும் மெயில் வண்டியின் டிரைவருக்கு, பாதை விடும் டோக்கன் வளையத்தை நீட்டிக்கொண்டு நின்றபோது கண் இருட்டிவிட்டது. வளையத்தைக் கொடுத்துவிட்டேன், அதில் தவறவில்லை. அதன் பிறகுதான் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராசம்மா கட்டிப்பால் கரைத்துக் கொடுத்தாள். அதையும் எழுதி, இரவுச் சோற்றில் கழித்துவிட்டேன்.

பசிக்கிறதுதான். பழகிவிடும் என்கிறார்கள். இந்த உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் அடுத்த முறை என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம்.

இப்படிக்கு,
க. ஐயாத்துரை.


தெப்ராவ்,
6-4-1934

என் அன்புக்குரியவருக்கு,

இந்தக் கடிதம் வந்து சேர்ந்தவுடன், தராசையும் அட்டவணையையும் தள்ளி வைத்துவிட்டு வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு மீதியைப் படியுங்கள்.

சாப்பிட்டாயிற்றா?

'அரிசி, சமைக்காதது, அவுன்சுக்கு நூறு.' முதல் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தராசில் போட்டதோ ராசம்மா வடித்து அனுப்பிய சோறு. ஒரு சுண்டு அரிசி வெந்தால் மூன்று சுண்டாகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அடுப்படி வாசலில் நின்று "சாப்பாடு ஆச்சுதோ" என்று கேட்டதைத் தவிர ஒரு நாள் உள்ளே வந்திருக்கிறீர்களா? மிச்சம் இரண்டு பங்கும் தண்ணீர். பத்து அவுன்ஸ் சோற்றுக்கு ஆயிரம் என்று எழுதிவிட்டு முந்நூற்றுச் சொச்சம் தின்றிருக்கிறீர்கள். நனைந்த கரியை நிறுத்தவனை இன்னும் மன்னிக்காத மனிதர், ஒரு மாதமாகத் தண்ணீரை நிறுத்துத் தன் எஞ்சினைப் பட்டினி போட்டிருக்கிறார்.

ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் கண் இருட்டி நின்றேன் என்று ஒரு மனிதர் பெருமையாக எழுதலாமா?

மெலிந்த பிறகு கதிரையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இப்போதே எழுதிவிடுகிறேன்.

பந்தலில் போட்டிருந்தவை எல்லாம் கை வைத்த கதிரைகள். அவை உங்கள் இடுப்பை இறுக்கும், நீங்கள் எழும்பும்போது கூடவே வரும், நாலு பேர் பார்ப்பார்கள். அதற்காகத்தான் உள் அறையில் கிடந்த கையில்லாத அகலக் கதிரையை நான் எடுப்பித்து முன்வரிசையில் போட்டேன். அதன் கால் உளுத்திருந்தது யாருக்கும் தெரியாது.

சிரித்தேன். அது உண்மை. நீங்கள் தரையில் கிடந்தீர்கள். ஆனால் வெற்றிலைத் தட்டத்தை மட்டும் ஒரு கையால் உயரப் பிடித்திருந்தீர்கள், வண்டிக்குக் கொடி காட்டுவது போல. ஒரு பாக்குக்கூட உருளவில்லை. எல்லாம் சாய்ந்தாலும் கையில் கொடுத்ததைக் கீழே விடாத மனிதரைத்தான் கட்டியிருக்கிறேன் என்று சிரிப்பு வந்தது. இலையில் சோறு கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன். அதற்குள் ரிக்‌ஷா தெரு முடக்கில் திரும்பிவிட்டது.

நேற்று கதிரேசுவிடம் சொன்னேன். "அத்தானை வரச் சொல்லுங்கோ அக்கா. இந்த முறை நான் பாயிலை இருக்கிறன், அவர் என்ரை கதிரையிலை இருக்கட்டும்" என்றான்.

வருஷப்பிறப்புக்கு வாருங்கள் என்று எழுத மாட்டேன். கூப்பிட்டால் வராத குணம் எனக்குத் தெரியும். அன்று காலையில் நீத்துப்பெட்டி அடுப்பில் இருக்கும் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள்,
பாமா.


லாயாங் லாயாங்,
10-4-1934

என் பாமாவுக்கு,

உன் கடிதத்தைப் பிளாட்பாரத்தில் நின்றே படித்தேன். நீ சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை; சாப்பிடாமலே முழுவதும் படித்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. பிறகு குவார்ட்டர்சுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நாலு அவுன்ஸ் அரிசியை நிறுத்து நானே உலையில் போட்டேன்.

விறகை எஞ்சினுக்குப் போடுவது போல் போட்டிருக்கிறேன். வீடெல்லாம் புகை. காளியப்பன் தண்ணீர் வாளியோடு ஓடி வந்துவிட்டான். அடுப்புக்கு முன்னால் நான் குந்தியிருந்ததைப் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, ஏதும் மந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டான். சோறு பாதி குழைவு, பாதி அரிசி. ஆனாலும் தராசில் பதினோரு அவுன்ஸ் இருந்தது. நீ சொன்னது சரி. அவ்வளவையும் உப்பும் மோரும் விட்டுத் தின்றேன். பின்னேரம் மெயில் வண்டிக்கு வளையம் கொடுத்தபோது கண் இருட்டவில்லை.

டாக்டரின் அட்டவணையை எறியவில்லை. நெஞ்சு நெஞ்சுதான், கணக்கு கணக்குதான். ஆனால் இனி அது அடுப்படியிலேயே நடக்கட்டும். அரிசியை நீ அளக்கும்போது நான் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். புட்டுக்கும் ஒரு வரி நாமே போட்டுக்கொள்வோம்: மா எவ்வளவு, தேங்காய்ப்பூ எவ்வளவு என்று நீ சொன்னால் கூட்ட எனக்குத் தெரியும்.

வெற்றிலைத் தட்டத்தைப் பிடித்திருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. விழுந்தது ஞாபகம் இருக்கிறது, உன் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. அகலமான கதிரையை நீ தேடி எடுப்பித்தாய் என்று நான் எங்கே கண்டேன். தட்டில் என்ன வைத்தாய் என்று பார்க்காதவன், எதில் உட்காரவைத்தாய் என்று மட்டும் பார்ப்பானா?

கதிரேசுவை நான் மன்னித்துவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லாதே. பந்தலில் எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தவன் அவன்தான். பாயில் உட்காரட்டும், அதைப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன்.

வருஷப்பிறப்பன்று காலை வண்டியில் ஏறுகிறேன். எனக்குப் பதிலாக ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருகிறான். நீத்துப்பெட்டியில் அவிப்பதில் எனக்குப் பாதி போதும். மத்தியானம் தட்டில் ஒரு பிடி மிச்சம் வைப்பேன். திரும்பி வரும்போது இரண்டு டிக்கெட் எடுக்கலாமா என்று அங்கே வந்து கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு நீ என்ன சொல்வாய் என்றும் யோசித்து வை.

அடியில் பெயர் எழுதப் பேனாவை எடுத்தேன். க. என்று தொடங்கும் அந்தப் பெயரைத்தான் உன் உறைகளில் 'ஏற்க மறுப்பு' என்பதற்குக் கீழேயும் எழுதினேன். நீ என்னை அந்தப் பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. 'இஞ்சாருங்கோ' என்று நீ கூப்பிடும் சொல்லை நான் எழுதிக் கையெழுத்துப் போடவும் முடியாது. ஆகையால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, இப்படியே ஒட்டித் தபால் பையில் போடுகிறேன்.