ஓதம் ஏறிய சுவரும் என் புது வேலையும்

அன்புள்ள அப்பாவுக்கு சுமித்ரா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மிளகு பறிக்க அம்மாவை ஏணியில் ஏற விடாதீர்கள். நான் சௌக்கியம்.

எங்கள் கம்பெனி கோவையில் கட்டிய முப்பது வீடுகளும் முடிந்துவிட்டன. போன வாரம் ஒரு வீட்டைப் பார்க்க வந்த டீச்சரம்மா, "ஏனுங்க, மழைக்குத் தாங்குமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. வேலையை மேற்பார்த்த நானே மறைக்கலாமா? "இல்லீங்க, இந்தச் சுவத்தைச் சரி பண்ணோணும்" என்றேன். மேனேஜர் முறைத்தார்.

ஆனால் நான் ஒளிக்காமல் சொன்னது பிடித்துப்போய், டீச்சரம்மா அந்த வீட்டையே வாங்கிவிட்டார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் என் பெயர்: சுமித்ரா, இனி விற்பனைப் பிரிவு. இது தண்டனையா, உயர்வா? கேட்டால், "நீங்க நல்லாப் பேசறீங்கம்மா" என்று மேனேஜர் சிரிக்கிறார். கட்டடம் கட்டத்தானே படித்தேன்? ஒன்றும் பிடிபடவில்லை. அறையில் யோசனை கேட்கவும் ஆளில்லை. சுவரைச் சரிசெய்யாமல் சாவி கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். இதைக் கொண்டுவரும் பூபதி அண்ணன் பஸ்ஸுக்கு அவசரப்படுத்துகிறார். மலையில் சிக்னல் கிடைக்காதே, பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியதும் போனில் கூப்பிடுங்கள் அப்பா. திங்கட்கிழமை நான் கட்டட வேலைக்கு ஹெல்மெட் மாட்டுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
சுமித்ரா