ஆறு வழிவிட்டது

அன்பு மகன் ராதெக்குக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். ஐஸ்லாந்துக் குளிரில் உன்னைக் காக்கும்படி மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அவ்வளவு சந்தோஷமான சேதியடா!

இந்தக் கோடையில் சொட்டு மழை இல்லை, உருளைக்கிழங்கெல்லாம் கோலிக்குண்டு அளவுதான். ஆறும் வற்றிக்கொண்டே போய், ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இக்கரையிலிருந்து அக்கரை வரை தண்ணீருக்குள் கல் பாவிய பாதை! வண்டிச் சக்கரம் தேய்த்த தடம்கூட அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்து உப்பு வண்டிகள் நம் பிரோட்னிகி வழியாகத்தான் ஆற்றைக் கடந்தன என்று தாத்தா சொன்னபோது யார் நம்பினோம்? "பிரோட்னிகின்னா ஆத்தைக் கடக்கிற துறைன்னு அர்த்தமாம், இறங்கினா கழுத்தளவு சேறு" என்று அக்கரைக்காரர்கள் கேலி செய்வார்களே, இப்போது அவர்களே வந்து கல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா கல்லைப் பார்க்கவில்லை, அக்கரையைத்தான் பார்த்தார். போரில் பாலம் போய், நீ பள்ளியில் படிக்கும்போது படகும் நின்றதிலிருந்து, ஸிக்முந்த் பெரியப்பாவும் இவரும் கல்யாணம் சாவு என்று யாராவது காரில் சுற்றிக் கூட்டிப்போனால்தான் முகம் பார்ப்பது, மற்ற நாளெல்லாம் ஆளுக்கொரு கரையில் நின்று கத்துவதுதானே வழக்கம். வசந்தத்திலிருந்து பெரியப்பாவுக்குக் குரல் எழும்பவில்லை, வெள்ளைத் துண்டை ஆட்டுவதோடு சரி. ஒருநாள் அதுவும் நின்றுவிடுமோ என்று அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அன்றைக்கு, "இந்த முட்டிய வச்சுக்கிட்டு எங்க போறீங்க?" என்று நான் கத்தக் கத்த, பூட்ஸோடு ஆற்றில் இறங்கிவிட்டார். எதிரே பெரியப்பாவும் கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினார். ஊரே கரையில் கூடிவிட்டது, ஊர்த்தலைவி லுத்மிலா தீயணைப்பு வண்டியையே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், கிழவர்கள் விழுந்தால் தூக்க! நடு ஆற்றில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு விடவே இல்லை, எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பெரியப்பா முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "படகு நின்ன வருஷம் எங்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போன ரம்பம் எங்கடா?"

மழை வந்தால் பாதை மூழ்கிவிடும், அதற்குள் பெரியப்பாவைக் கூட்டிவந்து குளிர்காலம் முழுக்க இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறோம். உன் அறையைத்தான் கொடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மீனையே தின்று கிடக்காதே. ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கென்று மேசையில் ஒரு தட்டு அதிகம் வைப்போமே, நீ போனதிலிருந்து உன்னை நினைத்துத்தான் அதை வைக்கிறேன். அப்பாவுக்கு ஆறே வழிவிட்டது. உனக்கு விமானம் இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஜெனோபியா