பத்தாவது படத்தில் றசீனா

யூலை 8, புதன்

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. யன்னலைத் திறந்தால் ஈரச் சாயத்தில் மணல் ஒட்டுகிறது, மூடினால் அவிந்து போகிறேன். வாங்க: சின்னத் தூரிகை, வெள்ளைச் சாயம், இஞ்சி.

ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் கண்காட்சி. முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவளுக்கு இதுதான் முதலாவது. தலைப்பு ‘சந்தோசம்’. பெரிய எடுப்புத்தான். ஒன்பது முகம் கீறி முடிந்தது, ஒன்றிலும் சந்தோசம் இல்லை.

பிழை என்னுடையது. படம் கீறப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒன்பது பேரும் திருநாள் உடுப்பில், பவுடர் பூசி, கதிரை நுனியில் விறைத்துப்போய். மீன்வாடியே அதிரச் சிரிக்கிற மெற்றில்டாக்காகூட வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இன்று தன் படத்தைப் பார்க்க வந்தார்.

“ரீச்சர், என்ர செத்தவீட்டுக்கு வைக்க நல்ல படம்.”

முதலில் சிரிப்பு வந்தது. அவர் போனபின் அழுகை.

9, வியாழன்

மண்டபம் வேண்டாம் என்று பாதரிடம் சொல்ல மூன்று தரம் போனை எடுத்தேன், வைத்தேன்.

நாலாம் தரம் அதுவே அடித்தது. எருக்கலம்பிட்டி றசீனா. என்னோடு படித்தவள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளம் போய், கனகாலத்துக்குப் பிறகு திரும்பியவள். இப்போது தையல். பத்தாவது படத்துக்குக் கேட்டிருந்தேன்.

“வாறன். ஆனா முகம் கீறப்படாது. எனக்கு அது விருப்பமில்லை.”

“முகம் இல்லாம சந்தோசத்தை எங்கயடி கீறுறது?”

“நீதானே சித்திர ரீச்சர்.”

கோபம். சரி என்றேன்.

10, வெள்ளி

ஒன்றும் கீறவில்லை. குழம்பு அடிப்பிடித்தது.

11, சனி

றசீனா வந்தாள். முகம் இல்லைத்தானே, வீட்டு உடுப்போடு. கேட்காமலே யன்னலைத் திறந்து, கடலைப் பார்த்து இருந்தாள். எனக்கு முதுகுதான். இஞ்சிப் பிளேன்ரீ. ஊர் திரும்பியதும் கிணறு இறைத்த கதை சொன்னாள். பற்றை வெட்டி, சேறு அள்ளி, மூன்றாம் நாள் நல்ல தண்ணீர் ஊறியதாம். முதல் வாளியைப் புருசனின் தலையில் கவிழ்த்திருக்கிறாள்.

“அவர் போட்டிருந்தது புதுச் சேட்டு! நான் என்ன செய்ய, கை நிக்கேல்லை!”

தோள் குலுங்கியது. முக்காட்டு நுனி காற்றில். ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் கீறி முடித்தேன். மணல் ஒட்டியது. ஒட்டட்டும்.

சந்தோசமாக இருக்கிறேன். எழுதினால் போய்விடுமோ தெரியாது. எழுதியாயிற்று.

12, ஞாயிறு

நல்ல சனம். மெற்றில்டாக்கா தன் படத்துக்குக் கீழே நின்று செத்தவீட்டுப் பகிடியை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். படத்தில் விறைப்பு, பக்கத்தில் சிரிப்பு. நல்லவேளை, மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினொரு மணிபோல் றசீனாவின் மகள் சிபானா, வட்டிலப்பத்தோடு. படங்களுக்குக் கீழே பெயர் ஒட்டவில்லை. தன்னைக் கீறியதை றசீனா வீட்டில் சொல்லவும் இல்லை. ஒன்பது முகத்தையும் மரியாதைக்குப் பார்த்தபடி வந்த பிள்ளை, இன்னும் காயாத பத்தாவதில் நின்றுவிட்டாள்.

“ரீச்சர், உம்மா என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கிறா?”