விரிசலில் அடைத்த பசை

அன்பு மகள் ஹிமேனாவுக்கு, வால்பராய்சோவிலிருந்து அம்மா எழுதுகிறேன். நான் சுகம், முழங்கால் மட்டும் மேடு ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஸ்வீடன் குளிரில் நீயும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

வீடு விற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் தம்பி ரிகோபெர்த்தோ உன்னிடம் வேறு கதை அளந்திருப்பான். விற்றால் குன்றுக்குக் கீழே லிஃப்ட் உள்ள வீட்டுக்குப் போகலாம், நூற்று நாற்பது படி ஏறுகிற பாடு தீரும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன். போன நிலநடுக்கத்தில் என் படுக்கையறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விட்ட விரிசல் உனக்குத் தெரியும், என் கட்டில் அந்தச் சுவர் ஓரம்தான். விரிசலின் குறுக்கே தாள் ஒட்டித் தேதி எழுதி வைத்தேன், நாலு மாதத்தில் மூன்று தாள் கிழிந்தது, அப்படியென்றால் சுவர் இன்னும் நகர்கிறது. உன் தம்பி, அந்த மேதாவி, நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் தாள்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஆறு குழாய் அக்ரிலிக் சீலன்ட்டை விரிசலில் பிதுக்கி, ஈர விரலால் வழித்து, காய்ந்ததும் பெயிண்ட் அடித்துவிட்டான். சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று வராமல் அடைக்கிற சாமான் அது, மண்சுவரைத் தாங்கிப் பிடிக்குமா. "பாத்தியாம்மா, சுவரு புதுசாட்டம் ஆயிடுச்சு" என்று இளித்துக்கொண்டு நின்றான். நாற்பத்திரண்டு வயது, தலையில் இருப்பதும் அந்தப் பசைதான். ஆனால் நானும் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், லிஃப்ட் ஆசை.

ஞாயிறு சாயங்காலம் வாங்குகிறவர்கள் டீக்கு வந்தார்கள், நயாரெத் என்று ஒரு டீச்சர், ஏழு மாதக் கர்ப்பிணி, கூட அவள் புருஷன். ரொட்டியும் அவகாடோவும் வைத்தேன். என் அறையைப் பார்த்ததும் அவள், "தொட்டில இந்தச் சுவரோரமா போட்டுக்கலாம், வெயில் நல்லா விழுது" என்றாள். உன் தம்பி, "தாராளமா போடுங்க" என்றான். வெண்ணெய் தடவுகிற கத்தியைக் கொண்டுவந்து சுவரில் குத்தி இழுத்தேன், பசை முழு நீளத்துக்கு உரிந்து வந்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள், டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அப்புறம் நான் திட்டத் தொடங்கியதும் அவன், "என்னை ஏம்மா திட்டுற, அக்காதான் ஃபோன்ல சொன்னா, சிலிக்கான் வாங்காதடா அதுமேல பெயிண்ட் ஒட்டாது, அக்ரிலிக் வாங்கு, ரெண்டு தடவையா போடு, ஒருத்தருக்கும் தெரியாதுன்னா" என்றான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும், அவனுக்கு அவ்வளவு மூளை ஏது. பன்னிரண்டு வருடமாகப் பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவள் நீதானே. அவன் முட்டாள், அவனைத் திட்டினால் தீர்ந்துவிடும். உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. இவ்வளவு பக்குவம் சொல்லிக் கொடுத்தவள், அம்மா கட்டிலை அந்தச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடு என்று ஒரு வார்த்தை சொன்னாளாடா என்று அவனிடம் கேட்டேன். இல்லையே என்றான்.

கட்டிலை நானே சமையலறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். கன்னிமரியாள் உன்னையும் குழந்தையையும் காப்பாற்றட்டும். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. இனி ஃபோன் செய்தால் சுவரைப் பற்றித் தம்பியிடம் கேட்காதே, என்னைப் பற்றி என்னிடம் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
எடெல்மிரா