தையலுக்கு விடாத துணி

என் தவமணி,

நீர் நலமா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஒரு நல்ல சேதி இருக்கிறது, கேளும். நான் ஒரு போர்வை தைத்தேன். நீர் சிரிப்பீர், தெரியும்.

நீர் கண்ணை மூடிய பிறகு ஏழு மாதமாக எனக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. நீர்ப்பாசனக் கந்தோர் மேசையில் இரணைமடுக் குளத்து வாய்க்கால்களின் படங்களை ஒரு கோடு பிசகாமல் கீறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உம்முடைய அம்மா பூநகரியிலிருந்து கடிதம் போட்டா. ஆம்பிளை தனியாகப் பிள்ளை வளர்க்க ஏலாதாம், வாற கிழமை வந்து சுதாவைக் கூட்டிக்கொண்டு போகிறாவாம். நான் ஓமென்றும் எழுதவில்லை, வேண்டாமென்றும் எழுதவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு எனக்கு ஏன் ஒரு சொல்லும் வரவில்லை?

அந்த ஞாயிறு சுதா தலையணை உறையொன்றைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஊராருக்குச் சட்டை தைத்து மிஞ்சியதில் நீர் சேர்த்து வைத்த வெட்டுத்துணிகள்.

"அம்மா தைக்கிறனெண்ட போர்வையை இனி ஆர் தைக்கிறது?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த மாதிரித் தொடங்கினேன். கட்டத்தாளில் படம் கீறினேன். நீளம் நாலடி, அகலம் மூன்றடி. மூன்று அங்குலச் சதுரமாக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துண்டு. நாலு துண்டைச் சேர்த்தால் ஒரு கட்டம். பூத்துணிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளை, கோடு போட்ட துணிக்குப் பக்கத்தில் சிவப்பு. எது எவருடைய சட்டையில் மிஞ்சியது என்று சுதாவுக்குத் தெரிந்திருக்கிறது, தவம். தபால்காரர் மகளின்ர, கடைக்கார அன்ரியின்ர என்று சொல்லிச் சொல்லி எடுத்துத் தந்தாள்.

உம்முடைய மெசினில் ஐந்து இரவு தைத்து முடித்து விரித்தால் நீளத்தில் எட்டு அங்குலத்தைக் காணவில்லை. படுத்துப் பார்த்த சுதாவின் கால் வெளியே. அளவு நாடாவில்தான் பிழையென்று இரண்டு தரம் அளந்தேன். படம் சரி, கணக்கும் சரி.

அடுத்த நாள் மாமி பூநகரியிலிருந்து வந்து இறங்கினா. போர்வையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தா.

"தம்பி, தையலுக்கு மடிக்கத் துணி விடேல்லையோ?"

ஒவ்வொரு துண்டிலும் தையலுக்குள் போகிற அரை அங்குலத்தை நான் யோசிக்கவே இல்லை.

"வாய்க்காலும் உப்பிடித்தான் கீறுறியளோ? தண்ணி வயலுக்கு எட்டு முழம் முன்னாலயே நிண்டிடும்."

சிரித்துவிட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் வழிந்தது. அதோடு வராமல் நின்ற சொல்லும் வந்துவிட்டது.

"மாமி, சுதா என்னோடயே இருக்கட்டும்."

மாமி சுதாவின் உடுப்புகளுக்கென்று கொண்டுவந்த வெறும் பையை மடித்துக் கதிரையில் வைத்தா. பிறகு சுதாவிடம், "இன்னும் துண்டு கிடக்கோ பிள்ளை? கால் பக்கம் மூண்டு வரி கூட்டுவம்" என்றா.

பத்து நாள் நின்றா. மாதம் ஒருக்கால் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டவேணும் என்று என்னிடம் ஓம் வாங்கிக்கொண்டு, தனியாகத்தான் பஸ் ஏறினா. சுதாவின் கால் இப்போது வெளியே தெரிவதில்லை. அவள் வேண்டுமென்றே நீட்டிப் பார்க்கிறாள்.

வாற தையில் அவளுக்குப் பள்ளிக்கூடம். வெள்ளைச் சட்டையை நானே தைப்பேன். அடிமடிப்பில் துணி தாராளமாக விடுவேன். அவள் வளர வளர, வருசா வருசம், நானே அவிழ்த்து இறக்கிவிடுவேன்.

உம்முடைய மனுசன்,
சுதாவின் அப்பா