பதினான்காம் முகாமுக்குக் கேபிள்

2024 பிப்ரவரி 5, திங்கள்
மல்லசமுத்திரத்தில் ஏழரை பஸ். சேலம் அலுவலகத்தில் புது வேலை. வடக்கே பனிமலையில் இருக்கும் இருபது ராணுவ முகாம்களுக்குத் தகவல் கேபிள் நீட்டினால் செலவுக்கேற்ற பயன் உண்டா என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். முகாம்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். நான் ராணுவ சிக்னல் பிரிவில் பதினேழு வருடம் இருந்தவன் என்று முதலாளி தனசேகர் என் தலையில் கட்டிவிட்டார்.

பிப்ரவரி 9
ஒவ்வொரு முகாமின் லாக் புத்தக (செய்திப் பதிவேடு) நகலிலும் வருடத்துக்கு எத்தனை செய்தி என்று எண்ணி, கேபிள் செலவை அதால் வகுத்தேன். 14-ஆம் எண் கடைசி. பதினோரு கிலோமீட்டர் பாறை, செய்தியோ மிகக் குறைவு. ‘சேர்க்கத் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 10
மகன் நிலவன் இன்று போனில் பேசவில்லை. அவனும் ராணுவம்தான். அதே மலையில் எங்கோ.

பிப்ரவரி 12
மனைவி ஜோதி சமையலறைக் காலண்டரில் மூன்றாவது சுழி போட்டாள். போன் வராத நாளுக்கு ஒரு சுழி. நான் பணியில் இருந்த காலத்திலும் போடுவாளாம்.
“ஏனுங்க, லைன் கெடைக்காத நாள நீங்க அங்க எந்த நோட்டுல எழுதுவீங்க?”
எதிலும் எழுத மாட்டோம். போன செய்திக்குத்தான் லாக். போகாததை - நானே பதினேழு வருடம் எழுதியதில்லை. அப்புறம் 14-ல செய்தி கம்மின்னா என்ன அர்த்தம்? தேவை இல்லைன்னா? இல்ல, லைனே கெடைக்கலைன்னா? இதுகூடத் தெரியாம என்னத்தக் கணக்குப் போட்டேன்?


பிப்ரவரி 13
தனசேகரிடம் சொன்னேன்.
“அறிக்கை நேத்தே போயிருச்சுங்களே. போகாத செய்திக்கு என்னங்க ஆதாரம்?”
எங்கள் வீட்டுக் காலண்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று எழுதி, திருத்தக் கடிதம் அனுப்பினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 1
பதில் வந்தது. பத்தொன்பது முகாம்களுக்கு ஒப்புதல். 14-ஐ அடுத்த கட்டத்தில் பார்ப்பார்களாம். எப்போது என்று இல்லை.
14 எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நிலவன் எந்த முகாமில் என்றும் தெரியாது. ஜோதியிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 6
பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜோதி கையெல்லாம் மாவு.
“நேத்தைக்குச் சுழி போடலீங்க. நீங்க போட்டுட்டுப் போங்க.”
பேனாவை எடுத்துப் போட்டேன். இருபத்தைந்தாவது.